காற்று நல்லாருக்கு, தெரு எப்படி?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். சட்டக் கல்லூரியில் கடைசி ஆண்டு. நம் வாசிப்பு வட்டத்துக்குத் தவறாமல் வருகிறவன். பெயர் வேண்டாம்.

"தோழர், படிப்பு முடிஞ்சதும் மலைக்குப் போய்டலாம்னு இருக்கேன். நூறு வீடு இருக்கிற சின்ன ஊரா ஒண்ணு பாக்கணும். இந்த லாரிப் புகையில இன்னும் எத்தினி வருஷம் இருக்கிறது? நீங்க இன்னா சொல்றீங்க?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நானே அப்படி ஓர் ஊரைத் தேடி அலைந்தவன். அதை இங்கே எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வடசென்னைக் காற்றுக்காகக் கூட்டம் போட்டுப் பேசுகிறவன், தன் குடும்பத்தை மட்டும் கிளப்பிக்கொண்டு போக வழி பார்த்தான் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தத் தம்பிக்குப் பதிலாகவே எழுதிவிடுகிறேன்.

காலடிப்பேட்டையை மெட்ரோ ஸ்டேஷன் பெயராக மட்டும் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் இது. காலெட் பேட்டை என்பதுதான் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. கம்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளி வேண்டும், நெசவாளிக்கு ஓர் ஊர் வேண்டும். உழைக்கிறவன் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை அவனுக்கு வேலை கொடுக்கிறவன் தீர்மானித்த ஊர்களில் ஒன்று. பிறகு துறைமுகம் வளர்ந்தது, மணலி வந்தது, எண்ணூரில் அனல் மின் நிலையம் வந்தது, கன்டெய்னர் லாரிகள் வந்தன. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை இங்கே குழந்தைகள்கூட வாடையை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

என் மகளுக்கு நாலு வயதில் வீசிங் ஆரம்பித்தது. ஒன்பது வயதில் இன்ஹேலர் அவள் பள்ளிப் பையில் பென்சில் டப்பாவைப் போல நிரந்தரமாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நெபுலைசர் ஓடும் சத்தம் எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மாதிரி பழகிப்போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தையே கறுப்பாக்கியது. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், பெரியகுப்பத்தில் கடலடியில் போகும் ஒரு குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். எங்கள் தெரு வரை வாடை வந்ததா, பயம் மட்டும் வந்ததா என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஈரத்துணியைப் பாப்பாவின் மூக்கில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த வாரம் மருத்துவர் சொன்னார்: "முடிஞ்சா இடம் மாத்திப் பாருங்க."

முடிஞ்சா. அந்த ஒரு சொல்லுக்குள்தான் இந்தக் கட்டுரை முழுவதும் இருக்கிறது.

2024 கோடையில் சேர்வராயன் மலையில் வீடு பார்க்கப் போனேன். ஏற்காடு டவுன் வாடகை நமக்குக் கட்டாது என்பதால் அதற்கு அப்பால் ஒரு சிறிய ஊர். சில்லென்ற காற்று, காபித் தோட்டம், மிளகுக் கொடி, கூப்பிடு தூரத்தில் ஆரம்பப் பள்ளி. வீட்டுக்காரர் சமவெளியிலிருந்து வந்து இடம் வாங்கிக் கட்டியவர். மரியாதையானவர். டீ கொடுத்தார். பிறகு பேச்சு இப்படிப் போனது:

"சொந்த ஊருங்க?"

"காலடிப்பேட்டைங்க. திருவொற்றியூர் பக்கம்."

"அது பொழைக்கப் போன ஊருங்க. பூர்வீகம்?"

"மதுராந்தகம் பக்கம்."

"மதுராந்தகத்துல எந்த ஊர்? நமக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க, அதான் கேட்டேன்."

ஊர் பெயரைச் சொன்னேன். "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "வெளியங்க" என்றேன். அன்று சாயங்காலம் போன் வந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம், இப்போதைக்கு வாடகைக்கு விடவில்லையாம். பக்கத்து ஊரில் ஒரு புரோக்கர் இன்னும் நேர்மையாகச் சொன்னார்: "மேல ஊர்ல உங்களுக்குக் கெடைக்காது சார். எஸ்டேட் லைன் பக்கம் வேணா பாக்கலாம்."

கீழே இறங்கும் பஸ்ஸில் எனக்கு ஞாபகம் வந்தது பரோடா. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்கு அந்த ஊரில் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவ்வளவு படித்தவருக்கே அப்படி என்றால் நமக்கென்ன என்று ஆறுதல் தேடிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. வாழ ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று எத்தனையோ வீடியோக்கள் வருகின்றன. தண்ணீர் இருக்கிறதா, இணையம் இருக்கிறதா, மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று பட்டியல் போடுகிறார்கள். எல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனால் அந்தப் பட்டியலில் முதல் கேள்வியே இல்லை. அந்த ஊர் உன்னைத் தேர்ந்தெடுக்குமா?

மலை நமக்குப் புதிதில்லை தோழர்களே. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

பண்டிதர் அயோத்திதாசர் இளமைக் காலத்தை நீலகிரியில் கழித்தவர். 1891இல் திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில்தான் கூடியது. இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் ஐரோப்பியர் கம்பெனியில் கணக்கராக வேலை பார்த்தவர். 1890இல் சென்னைக்கு வந்தார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நம் அரசியலின் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே மலையிலிருந்து வந்தது தற்செயலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர், சேரி என்று பல நூற்றாண்டுகளாகக் கோடு போட்டு வைத்த மண் அல்ல அது. மிராசுதார் கிடையாது. பண்ணையாள் கணக்கு கிடையாது. பலரும் கீழேயிருந்து வந்தவர்கள். வெள்ளைக்காரனிடம் கூலி வாங்கினாலும், குனிந்து நிற்க வேண்டிய ஆண்டை பக்கத்து வீட்டில் இல்லை. நிமிர்ந்து யோசிக்க அந்த இடைவெளி உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் மலையேறிய எல்லோருக்கும் அந்த இடைவெளி கிடைக்கவில்லை. இலங்கைக்கும் வால்பாறைக்கும் மூணாறுக்கும் கங்காணிகள் கூட்டிப்போன நம் சனங்களின் கதை வேறு. முன்பணம் வாங்கியே மலையேறினார்கள். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. உன் கடன் இவ்வளவு என்று எழுதிய காகிதம். அந்தத் துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்கு நீ வேலை மாற முடியாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். யோசித்துப் பாருங்கள். நம் பாட்டன் பாட்டிக்கு மலைக்குப் போவதும் அவர்கள் தேர்வு இல்லை, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மாறுவதும் அவர்கள் தேர்வு இல்லை. அந்த லயன் வீடுகளுக்குள்ளும் சாதி கூடவே ஏறிப்போயிற்று. கங்காணிக்கு ஒரு வரிசை, நமக்கு ஒரு வரிசை.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற வருடமே அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி இருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கூடையில் இருக்கும் கொழுந்தை நிறுத்துப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. 1968இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் 1976இல் டான்டீ என்ற அரசுக் கழகமானது.

என் துணைவியின் பெரியம்மா அப்படி வந்தவர். எழுபதுகளில் மண்டபம் முகாம் வழியாக வந்து, கோத்தகிரி பக்கம் தோட்டத்தில் சேர்ந்தவர். தங்கச்சி பிழைப்புக்குச் சென்னைக்கு வந்துவிட, அக்கா மலையிலேயே நின்றுவிட்டார். சேர்வராயன் மலையில் நடந்ததைக் கேள்விப்பட்டு அவரே போன் செய்தார். "ஏம்ப்பா, நாங்க இங்க செத்தா போயிட்டோம்? கண்ட எடத்துல போயி வீடு கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க."

போனோம். இரண்டு அறை, தகரக் கூரை, வாசலில் செம்பருத்தி. அந்த வரிசையில் யாரும் எங்களிடம் பூர்வீகம் கேட்கவில்லை. ஒரு பாட்டி மட்டும், "சிலோனா, கீழ்நாடா?" என்று கேட்டார். கீழ்நாடு என்றதும், "அப்ப குளிரு தாங்காது, கம்பளி இருக்கா?" என்று கேட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பாப்பா மூன்றாவது நாள் இன்ஹேலரைத் தேடவில்லை. ஐந்தாவது நாள் அந்தத் தெருப் பிள்ளைகளோடு மேட்டில் ஓடி ஏறினாள். அவள் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. இரைப்பு வந்துவிடும் என்று எழுந்தேன். வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பெரியம்மாவிடம் கேட்டேன், "இந்த வீடு உங்க பேர்ல இருக்கா?" அவர் சிரித்தார். "வேல இருக்கிற வரைக்கும் வீடு. ரிட்டையர் ஆனா காலி பண்ணணும். இப்ப என் மருமக பேருக்கு இருக்கிற வேலையில இந்த வீடு நிக்கிது." 2022இல் டான்டீ வசமிருந்த நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. தோட்டம் சுருங்கினால் வேலை சுருங்கும். வேலை போனால் கூரை போகும். வரிசையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள்.

இதுதான் நான் மலையில் கற்றுக்கொண்டது. பட்டா உள்ள இடத்தில் நம்மைச் சேர்க்க மாட்டார்கள். நம்மைச் சேர்த்துக்கொள்கிற இடத்தில் பட்டா இருக்காது.

இதற்குப் பெரிய சாட்சி மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை பாம்பே பர்மா கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று சிறுசிறு குடியிருப்புகள். காட்டை வெட்டித் திருத்தித் தேயிலை நட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே செத்தார்கள். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லி நெல்லையில் நடந்த பேரணியில் காவல்துறை தடியடி நடத்தித் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

2024 ஜூலை 23, அந்தப் படுகொலையின் 25ஆவது ஆண்டு. ஆற்றங்கரையில் பூப்போட நின்றிருந்தபோது மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். குத்தகை 2028இல் முடிகிறது என்பதால் கம்பெனி முன்கூட்டியே வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வுக் கடிதம் வாங்கியிருந்த நேரம் அது. "விருப்பமாம் தம்பி" என்றார் அந்த அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் டிசம்பரில், தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டும், எங்களை அங்கேயே இருக்க விட வேண்டும் என்று கேட்ட மனுக்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. மறுவாழ்வு உதவிகளைக் கொடுக்கச் சொன்னது.

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. காற்றுக்காக ஏங்குகிற வீட்டுக்காரன் நான். ஆனால் சட்ட மாணவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன், வகுப்பில் விவாதியுங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி பழங்குடி அல்லாத ஒருவர் 'பிற பாரம்பரிய வனவாசி' என்று உரிமை கோர, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்து வனத்தைச் சார்ந்திருக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் 1930 டிசம்பர் வருகிறது. மாஞ்சோலைக் குத்தகை 1929. காட்டைத் தன் கையால் மாற்றியவன் கம்பெனிக் கூலியாக இருந்தான் என்பதாலேயே அவன் அந்த மலைக்கு அந்நியனா? கம்பெனிக்கு 99 வருடத்துக்குக் காகிதம் இருந்தது. நம் சனத்துக்கு ஒரு வருடத்துக்குக்கூட இல்லை.

அண்ணல் இதை அப்போதே யோசித்துவிட்டார். 1942 நாக்பூர் மாநாட்டில் தீண்டப்படாத மக்களுக்குத் தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், அதற்கென ஒரு குடியேற்ற ஆணையம் அமைக்க வேண்டும், அரசின் தரிசு நிலங்களை அதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டார். ஊருக்கு வெளியே இருக்கிற சேரிக்கு வெள்ளையடிப்பதை அவர் கேட்கவில்லை. வேறு ஊரைக் கேட்டார். அதுவும் தனி ஆளாக வாடகைக்கு வீடு தேடி அலைகிற வழியில் அல்ல. கூட்டாக, நிலத்தோடு, அரசியல் சட்டப் பாதுகாப்போடு கேட்டார். அந்தக் கோரிக்கை அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. நாமும் அதை விட்டுவிட்டோம். பஞ்சமி நிலத்தை மீட்கப் பேசுகிற நாம், குடியேறும் உரிமையைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்?

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜமைக்காவில் அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பிய கறுப்பின மக்கள் மலைகளில் சுதந்திரமான ஊர்களை அமைத்தார்கள். மரூன்கள் என்று பெயர். ஆங்கிலேயர்களால் அவர்களை வெல்ல முடியவில்லை. 1739இல் ஒப்பந்தம் போட்டு அவர்கள் நிலத்தை அங்கீகரித்தார்கள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை: இனிமேல் தப்பி வருகிற அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தனக்குக் கிடைத்த விடுதலையின் விலையாக, பின்னால் வருகிறவனுக்குக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். நாம் மலைக்குப் போகும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும். ஜவ்வாது மலையிலும் கல்வராயனிலும் கொல்லிமலையிலும் ஏற்கெனவே மனிதர்கள் இருக்கிறார்கள். பழங்குடி மக்கள் கையிலிருந்து அடிமாட்டு விலைக்குப் போகிற நிலத்தில் நம் கனவு வீட்டைக் கட்டினால், நாமும் இன்னொருவருக்கு ஆண்டைதான்.

ஆகவே தம்பி, போகாதே என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள். அந்த மலையில் நம் சனங்கள் எங்கே இருக்கிறார்கள், லயனிலா, காலனியிலா? முதலில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார். கடையில் டீ எந்தக் கிளாஸில் வருகிறது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பது யார், சுடுகாட்டுக்கு எத்தனை பாதை என்று பார். இந்த மூன்றும் எந்த வீடியோவும் சொல்லாததைச் சொல்லிவிடும். நீ வாங்கப்போகும் இடம் நேற்று யார் கையில் இருந்தது என்று விசாரி. கடைசியாக, நீ சட்டம் படித்தவன். அங்கே பட்டா இல்லாமல் நாற்பது வருடமாக இருக்கிறவர்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க உன்னால் முடியும். அதைச் செய்கிறவனை அந்த ஊர் விருந்தாளியாக நடத்தாது, தன் ஆளாக வைத்துக்கொள்ளும்.

எங்கள் முடிவைச் சொல்கிறேன். பாப்பா இப்போது பெரியம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். துணைவியும் அங்கேதான். நான் காலடிப்பேட்டையில். மாதம் ஒரு முறை ரயிலில் மேட்டுப்பாளையம் போய் பஸ் பிடித்து மலையேறுகிறேன். இந்த முடிவை முதலில் சொன்னபோது எங்கள் தெருவில் ஓர் இளைஞன் முகத்துக்கு நேராகவே கேட்டான்: "உங்க பாப்பாவ மேல அனுப்பிட்டீங்க தோழர். எங்க வீட்டுக் கொழந்தைய எங்க அனுப்புறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. என் மகள் மூச்சு விடுவதைப் பற்றி நான் வெட்கப்பட மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார், அவனுக்கு இல்லை என்பதைத் தவிர இரண்டு குழந்தைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆகவே நான் இங்கே இருக்கிறேன். வாரா வாரம் அந்தப் பையனோடுதான் காற்றுத் தர அறிக்கையை இறக்கி, தெருவில் ஒட்டுகிறோம். இருந்த இடத்தில் மூச்சு விடும் உரிமை, வேண்டிய இடத்துக்குப் போகும் உரிமை, போன இடத்தில் வேர் பிடிக்கும் உரிமை, மூன்றும் ஒரே கோரிக்கைதான். எண்ணூர்க்காரனும் மாஞ்சோலைக்காரியும் கேட்பது அதைத்தான்.

நேற்று பாப்பா போன் செய்தாள். "அப்பா, இங்க யாரும் ஜன்னல மூடறதே இல்ல. குளிருதுன்னு நான்தான் மூடறேன்" என்றாள். பின்னால் பெரியம்மா யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்வது பற்றி ஏதோ கடிதம் வந்திருக்கிறதாம். அடுத்த வாரம் போய்ப் படித்துப் பார்க்க வேண்டும்.

தம்பி, உனக்கு நேரமிருந்தால் நீயும் வா.

ஜெய்பீம்.